டிசம்பர் 31க்கு முன் ஒரு கையெழுத்து

மட்டக்களப்பில் புதிதாகப் போட்ட கொங்கிறீட் வீதி முதல் மாரியிலேயே வெடித்துவிட்டால் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு திண்டிருப்பானுகள்?" கொந்தராத்துக்காரனையும் இஞ்சினியரையும் அரசியல்வாதியையும் பெயர் சொல்லி ஏசுவோம். மனம் கொஞ்சம் ஆறும். அடுத்த மாரிக்கு இன்னொரு வீதி வெடிக்கும். அப்பவும் அதே கேள்வி.

எனக்கு அந்த ஏச்சு வலிக்கும். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். என்னிடம் படித்துப் பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் ஒலுவிலுக்கும் பொறியியல் படிக்கப் போன பிள்ளைகளில் சிலர்தான் இன்றைக்கு அந்த 'இஞ்சினியர்'. இன்னும் சிலர் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். களவெடுக்கும் எண்ணத்தோடு ஒருவரும் வகுப்புக்கு வரவில்லை. பிறகு முப்பது வயதுக்குள் சிலருக்கு என்னதான் நடக்கிறது? வீட்டுக்கு வந்து மனம்விட்டுப் பேசும் பழைய மாணவர்களிடம் இதைக் கேட்டுக்கேட்டு, சமூகவியல்காரர்கள் எழுதியதையும் தேடிப் படித்து எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட் ஓர் உரை நிகழ்த்தினார். அதுவரை குற்றம் என்றாலே வறுமை, சிதைந்த குடும்பம், கெட்ட அயல் என்றுதான் விளக்கம் சொல்வார்கள். படித்து, நல்ல உடுப்புப் போட்டு, கந்தோரில் கதிரையில் இருப்பவன் செய்யும் குற்றத்துக்கு இந்த விளக்கங்களில் ஒன்றாவது பொருந்துமா என்று அவர் கேட்டார். அவருடைய பதில் எளிமையானது: குற்றமும் படிக்கப்படுகிற ஒன்று. நமக்கு நெருக்கமானவர்களிடமிருந்து, வேலை செய்யும்போதே, அதைச் செய்யும் விதத்தையும் அதற்கான நியாயத்தையும் சேர்த்தே படித்துக்கொள்கிறோம்.

பொறியியல் பீடத்தில் நாலு வருடப் படிப்புக்குள் ஒழுக்கவியலும் படிப்பிக்கிறார்கள். 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம், பொறியியல் பட்டங்களை நாட்டுக்கு நாடு ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரான பிறகு அது கட்டாயமாகவும் இருக்கிறது. ஆனால் தொழிலைப் படிப்பது அங்கே அல்ல. முதல் இரண்டு வருடம் சைட்டில், அனுபவசாலியான ஓர் உத்தியோகத்தர் பக்கத்தில் நின்று "இங்க இப்பிடித்தான் தம்பி" என்று சொல்லும்போதுதான் படிக்கிறார்கள்.

அந்த முதல் பாடம் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் வருகிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்தின் பாதிக் கதை இதற்குள் இருக்கிறது. அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. செலவழிக்காத ஒதுக்கீடு அன்றோடு காலாவதி. திட்டம் அனுமதியாகி, மதிப்பீடு போட்டு, கேள்வி (டெண்டர்) கோரி, ஒப்பந்தம் எழுதி, காசு இறங்கும்போது பல வருடங்களில் ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிவிடுகிறது. கொழும்பில் இருந்து பார்த்தால் நாலு மாதம் தாராளமாகக் கையில் இருக்கிறது. மட்டக்களப்பில் ஒக்டோபரில் மழை பிடிக்கும். நவம்பரில் வயல் முழுக்க பெரும்போக வெள்ளாமை, பக்கத்து வாய்க்கால் எல்லாம் நிறைந்த தண்ணீர். டிசம்பரில் வெள்ளம். 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் வாரக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை. பங்குனியில் இருந்து ஆவணி வரை காய்ந்து கிடக்கும் மண்ணில் வேலை நடக்காது, சேறாகக் கிடக்கும் மண்ணில்தான் நடக்கும். இப்படி ஒரு நாட்காட்டியைக் கிழக்கு மாகாணத்துக்காக யாரும் யோசித்து வைத்திருக்க முடியாது.

சரி, டிசம்பர் 20ஆம் திகதி. வீதி பாதிதான் முடிந்திருக்கிறது. கொந்தராத்துக்காரன் வந்து நிற்கிறான்: "சேர், பில்ல எழுதுங்க. மறுகா மழை விட்டதும் மாசியில முடிச்சித் தாறன்." கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வந்து நிற்கிறார்: "தம்பி, இந்தக் காசு திரும்பிப் போனா எங்கட ஊருக்கு இனி எப்ப ரோட்டு?" மேலதிகாரி தொலைபேசியில்: "மாவட்டத்தின் செலவு வீதம் குறைந்தால் அடுத்த வருடம் ஒதுக்கீட்டைக் குறைப்பார்கள்." இத்தனைக்கும் நடுவில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பொடியன். "வேலை பூர்த்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். அவன் சட்டைப்பைக்குள் ஒரு சதமும் போகவில்லை. எல்லாருமாக அவனை நல்லவன் என்கிறார்கள். மாசியில் கொந்தராத்துக்காரன் சொன்னபடியே வந்து வீதியை முடித்தும் கொடுக்கிறான்.

எங்கள் பொறியியலாளர்கள் சொல்லும் முதல் பொய் இது. ஊருக்காகச் சொன்ன பொய்.

டயேன் வோகன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோட விபத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். 1986 ஜனவரி 28ஆம் திகதி, புறப்பட்டு 73 விநாடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ரொக்கட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப் போனதுதான் காரணம். முந்தின இரவு, அந்த ரொக்கட்டைச் செய்த மோர்ட்டன் தயோகொல் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 'இந்தக் குளிரில் விட வேண்டாம்' என்று சொல்லியிருந்தார்கள். பொறியியலாளராக யோசிப்பதை விட்டு நிர்வாகியாக யோசி என்று அவர்களின் தலைவருக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு அனுமதி போனது. வோகன் விதியை மீறிய ஒரு கயவனைத் தேடித்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அப்படி ஒருவரும் அகப்படவில்லை. முந்தைய பயணங்களிலும் வளையங்கள் அரிந்திருந்தன. ஒவ்வொரு முறையும் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பி வந்தது. திரும்பி வர வர, அரிப்பு 'ஏற்கத்தக்க அளவு' ஆகிவிட்டது. பிறழ்வு அங்கே வழமையாகிப் போனது என்கிறார் வோகன்.

அந்த மாசியில் கொந்தராத்துக்காரன் திரும்பி வந்து வீதியை முடித்தானே, அதுதான் எங்கள் வளையம். முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருடமும் நடக்கவில்லை. மூன்றாம் வருடம் ஒரு கொந்தராத்துக்காரன் காசை எடுத்துக்கொண்டு வராமல் இருந்துவிடுகிறான், அல்லது வந்து அரைகுறையாக மூடிவிட்டுப் போகிறான். இப்போது கையெழுத்துப் போட்ட பொடியன் முறைப்பாடு செய்ய முடியாது. முடியாத வேலையை முடிந்தது என்று எழுதியவன் இவன்தானே. அந்தக் கையெழுத்து இனி கொந்தராத்துக்காரனிடம் இருக்கும் பிணை. இதற்குப் பிறகு ஒரு கடித உறை மேசைக்கு வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் நிலையில் இவன் இல்லை. ஊர் கேட்கிற 'எவ்வளவு திண்டிருப்பான்' என்ற கேள்வி இந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறது. அதற்கு முந்தைய மூன்று வருடங்களை யாரும் பார்ப்பதில்லை.

பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதற்கு முதல் நாள் வெடிப்புகளைப் பார்த்து 'இது ஆபத்து, ஆட்களை வெளியே எடுங்கள்' என்று சொன்ன பொறியியலாளர் ஒருவர் இருந்தார். இடிந்த பிறகு அவரும் கைதானார். அதே கட்டடத்தில் அனுமதியில்லாத மேல்மாடிகளை எழுப்ப முன்பு உரிமையாளருக்கு உதவினார் என்பது அவர் மேலான குற்றச்சாட்டு. எச்சரித்தவரும் அவர்தான், குற்றம்சாட்டப்பட்டவரும் அவர்தான். இதைப் படித்த அன்று என் மாணவர்களின் முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

கையெழுத்துப் போட மறுத்தால் என்ன நடக்கும்? அதையும் ஒருமுறை கிட்டத்தில் நின்று பார்த்தேன். பழைய மாணவன் ஒருவன் வேலை செய்யும் கிராமத்துக்கு ஒரு காரியமாகப் போயிருந்தேன். கொங்கிறீட் வீதி போட ஆயத்தம். இரண்டு பக்கமும் ஆறு அங்குலப் பலகை அடித்திருந்தார்கள். ஓரத்தில் நின்று அளந்தால் கச்சிதமாக ஆறு அங்குலம். அவன் ஒரு நூலை எடுத்து இந்தப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து அந்தப் பலகையின் மேல் விளிம்புக்கு இழுத்துக் கட்டச் சொன்னான். நடுவில் குந்தி, நூலிலிருந்து கிறவல் வரைக்கும் ரேப்பை இறக்கினான். மூன்றரை அங்குலம். கிறவலை நடுவில் கூனாக உயர்த்தி இறுக்கியிருந்தார்கள். வீதி நெடுகச் சேரும்போது அந்த இரண்டரை அங்குலத்தில் எத்தனை மூட்டை சீமெந்து மிச்சம் என்று யோசியுங்கள். வண்டில் போவதும் டிப்பர் போவதும் வீதியின் நடுவால்தான்.

"கூனை வெட்டுங்க, பிறகு கொங்கிறீட் போடலாம்" என்றான். கலவை மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேசன்மார் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிழலில் குந்தினார்கள். கொந்தராத்துக்காரனின் ஆள், "சேர், நடுவுல ஆரும் அளக்கிறல்ல" என்றான், ஏதோ இவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதுபோல. அதுவரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு. அரை மணித்தியாலத்தில் ஊர்ச்சனம் கூடிவிட்டது. கூனை வைத்தவனை ஒருவரும் ஏசவில்லை. வேலையை நிற்பாட்டியவனைத்தான் ஏசினார்கள். "வாற ஒரு ரோட்டையும் இவன் வரவுடான் போல." வயதான அம்மா ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து, "என்ன மனே, சரியில்லையா?" என்று கேட்டார். அவன் நூலைக் காட்டி விளங்கப்படுத்தினான். அவருக்கு விளங்கியது. ஆனால் அவர் சங்கத்தில் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை.

அன்று கூன் வெட்டப்பட்டது. அடுத்த வருடம் அவனுக்கு இடமாற்றம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எந்தக் கடிதத்திலும் இல்லை. இருக்கவும் இருக்காது.

எங்கள் சமூகத்தின் இன்னொரு சங்கதி, பேசுவதற்குச் சங்கடமானது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர் என்றாலும் முஸ்லிம் என்றாலும் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். ஆகவே மகள் ஒருத்திக்கு ஒரு வீடு. தகப்பனால் முடியாவிட்டால் அண்ணன், தம்பி கட்ட வேண்டும். தாய்வழிக் குடிமரபில் பெண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பு இது, அதை நான் குறைவாகப் பேசவில்லை. ஆனால் மூன்று தங்கச்சிமார் இருக்கும் வீட்டில் மூத்த பையன் இஞ்சினியர் ஆகும்போது, அவன் தலையில் மூன்று வீட்டின் அத்திவாரம் வைக்கப்படுகிறது. 2021இல் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு விற்ற சீமெந்து மூட்டை அடுத்த வருடமே மூவாயிரம் வரை ஏறியது. அவனுடைய சம்பளம் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

றொபேர்ட் மேர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1938இல் எழுதியது இதுதான்: ஒரு சமூகம் ஓர் இலக்கை எல்லார் முன்னாலும் வைத்து, 'அதை அடைந்தால்தான் நீ ஆள்' என்று சொல்லிவிட்டு, அதை அடையும் நேர்வழியைப் போதுமான அளவு திறந்துவிடாவிட்டால், சிலர் இலக்கைப் பிடித்துக்கொண்டு வழியைக் கைவிடுவார்கள். இதைப் படிக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் திண்ணைப் பேச்சைக் கேட்டாலே போதும். "இன்னாற்ற மகன் வேலைக்குச் சேர்ந்து நாலு வருசத்தில தங்கச்சிக்கு மாடி வீடு கட்டிற்றான். உங்கட மகன் இன்னும் மோட்டார் சைக்கிள்லதான் திரியிறான் போல." இதைச் சொல்பவர்கள், ஓர் அரசாங்க உத்தியோகத்தன் நாலு வருடத்தில் மாடி வீடு கட்டியது எப்படி என்று ஒருநாளும் கேட்க மாட்டார்கள். கோயில் திருப்பணிக்கோ பள்ளிவாசல் வேலைக்கோ பெரிய தொகை கொடுத்தால் முன்வரிசையில் கதிரை போடுவார்கள். நேர்மையாக இருந்தவனின் தாய்தான் அயலவர் முன்னால் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. இது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

வறுமைதான் காரணம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனியில் இருந்த பொறியியலாளர்கள் ஏழைகள் அல்லர். அவர்களிடம் அமெரிக்கப் புகை விதிக்குள் அடங்கும் டீசல் இயந்திரம் ஒன்றைக் கேட்டார்கள். கொடுத்த செலவுக்குள்ளும் காலத்துக்குள்ளும் அது முடியவில்லை. 'முடியாது' என்று மேலே சொல்லும் பழக்கம் அங்கே இல்லை. பரிசோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் ஒரு மென்பொருளை எழுதினார்கள். 2015இல் பிடிபட்டபோது உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் வாகனங்களில் அது இருந்தது. அதில் ஒரு பொறியியலாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2017இல் 40 மாதச் சிறை விதித்தது. இங்கேயும் கொங்கிறீட் பரிசோதனைக்கு 150 மில்லிமீற்றர் கன அச்சில் கலவையை எடுத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பார்கள். அந்த அச்சுக்கு மட்டும் சீமெந்தைக் கூட்டித் தனிக் கலவை போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சோதனைக்கு ஒரு கலவை, வீதிக்கு ஒரு கலவை. வொக்ஸ்வாகன் செய்ததும் இதேதான்.

இப்படிச் செய்கிறவர்களுக்கு எப்படி நித்திரை வருகிறது என்று கேட்கலாம். சைக்ஸ், மாட்சா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1957இல் இதற்குப் பதில் தேடினார்கள். தவறு செய்கிறவன் முதலில் தன் மனச்சாட்சிக்கு ஒரு நியாயம் சொல்லி முடித்துவிட்டுத்தான் தவறைச் செய்கிறான் என்றார்கள். எங்கள் பக்கத்து நியாயங்கள்: "மேல இருந்து வந்த ஓடர்." "அவனுகள் கோடிக் கணக்கில திங்கிறானுகள், இது என்ன பெரிய காசு." "ஆருக்கும் ஒண்டும் நடக்கல்லத்தானே."

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. வைத்தியர் தவறு செய்தால் நோயாளியின் முகம் எதிரிலேயே இருக்கிறது. பொறியியலாளரின் தவறு வருடக்கணக்காகக் கொங்கிறீட்டுக்குள் ஒளிந்திருக்கும். 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு வீடு கட்டித்தர எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. எல்லாருக்கும் அவசரம், எல்லாருக்கும் திறப்பு விழாத் திகதி. திருக்கோவில் பக்கம் எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு அப்படிக் கிடைத்த வீட்டில், சில வருடம் கழித்து யன்னலுக்கு மேலான லிண்டலில் முதலில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. பிறகு அந்தக் கோட்டின் வழியே செம்மண் நிறத்தில் கசிவு. ஒருநாள் கீழ்ப்பக்கத்துக் கொங்கிறீட் பொருக்காகக் கழன்று விழுந்தது. உள்ளே விரல் தடிப்பில் இருந்திருக்க வேண்டிய கம்பி, தொட்டால் ஏடு ஏடாக உரிந்தது. உப்பை நன்றாகக் கழுவாத மணலைக் கலந்தால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கட்டிய நிறுவனம் அப்போது இங்கே இல்லை. மேற்பார்வை செய்த பொறியியலாளர் வெளிநாட்டில் என்றார்கள். அவரைப் பொறுத்தவரை ஆருக்கும் ஒண்டும் நடக்கவில்லை.

பெரிய திட்டங்களில் இந்த முகமின்மை இன்னும் கூடுகிறது. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013இல் திறக்கப்பட்டது. எங்கள் கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. அலைதடுப்பைக் கடலுக்குள் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரியும். ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்பும் நிலமும் கடலுக்குள் போயின, துறைமுக வாயை மணல் அடைத்தது. இதைக் குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆய்வு செய்தவர், வரைந்தவர், அனுமதித்தவர், கட்டியவர், பொறுப்பெடுத்தவர் என்று இத்தனை கைகள் மாறியபின், கரையை இழந்த ஒரு மீனவர் யாரிடம் போய்க் கேட்பார் என்பதுதான் என் கேள்வி. அதே ஊரில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் அந்தக் கரைக்குக் கூட்டிப்போய் மீனவர்களோடு பேசவிட வேண்டும் என்பது என் ஆசை.

காசு வாங்கியவன் குற்றவாளிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு செய்பவருக்குப் பாதுகாப்பு என்றும் அதில் எழுதியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பொறியியல் தொழில் செய்வோரைப் பதிவுசெய்யும் பொறியியல் பேரவை ஒன்றும் வந்திருக்கிறது. ஆனால் டிசம்பர் 20ஆம் திகதி "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லும் பொடியன் எந்தக் குற்றத்தையும் முறையிடவில்லை. அவன் வெறுமனே மறுக்கிறான். மறுத்தவனை அடுத்த வருடம் தூக்கிப் போடாமல் காப்பாற்றும் கை எங்கே இருக்கிறது? பேரவையும் நிறுவகமும் தண்டிப்பதைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு இதையும் யோசிக்க வேண்டும். காசை மாசி, பங்குனியில் இறக்குங்கள், இல்லையென்றால் கிழக்கின் வேலைகளை அடுத்த ஓகஸ்ட் வரை கொண்டுசெல்ல விடுங்கள். இந்தப் பொய்களில் பாதிக்கு அவசியமே இல்லாமல் போகும்.

அதுவரை ஊரால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் பிரதேச சபையிடமோ பிரதேச செயலகத்திடமோ எழுதிக் கேட்கலாம். கேள்விப்பத்திரத்தில் சொன்ன தடிப்பு என்ன, எந்தத் திகதியில் கொங்கிறீட் போட்டார்கள், எந்தத் திகதியில் பூர்த்தி என்று எழுதினார்கள், அளவை எந்த எந்த இடத்தில் எடுத்தார்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். வீதி வெடித்த பிறகு இதைக் கேட்டால் யாரையாவது மாட்டிவிடத்தான் உதவும். வேலை தொடங்கும் கிழமையிலேயே, சங்கத்தின் கடிதத் தலைப்பில் கேட்டுவிடுங்கள். அப்போது அந்த இளம் பொறியியலாளர் கொந்தராத்துக்காரனிடம், "நான் என்ன செய்ய, ஊர் எழுத்தில கேட்டிருக்கு" என்று சொல்ல ஒரு வழி கிடைக்கும். பலகை அடித்த அன்று நூலைப் பிடிக்கவும் இரண்டு பேர் போங்கள்.